கேட்காமலே வாங்கிய எண்பத்தாறு

கடலம்மன் மாஸு துணை

துங்காங்,
ஜூன் 5

பேரன்புள்ள சியூயுவே அக்காவுக்கு,

தம்பி தியென்லு பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பாவ்ஜூவும் பின்யூவும் நலம். அங்கே தைப்பேயில் நீயும், அத்தானும், அத்தானுடைய வலது முழங்காலும் நலமாக இருக்கக் கடலம்மனை வேண்டிக்கொள்கிறேன். நீ அனுப்பிய இரண்டு டப்பா அன்னாசிக் கேக் வந்து சேர்ந்தது. ஒன்று மீதி இருக்கிறது.

நேற்று நீ போனில் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் பேசினாய். நடுவில் மூன்று முறை நான் "அது அப்படி இல்லக்கா" என்று ஆரம்பித்தேன். மூன்று முறையும் "இரு, நான் சொல்லி முடிச்சிடறேன்" என்றாய். சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது. மன்னிக்கவும், கோபத்தில் எழுதவில்லை.

நீ பார்த்த பத்திரிகைச் செய்தி உண்மைதான். "ஆங்கிலம் அறியாத ஏலக்காரர் 86, பள்ளியில் படிக்கும் மகள் 47" என்று போட்டது ஏப்ரல் மாதம். அத்தான் அதை இப்போது எதையோ சுற்றி வந்த காகிதத்தில் கண்டுபிடித்தது என் கெட்ட நேரம். ஆனால் படத்தில் என் பக்கத்தில் இருப்பது பின்யூ இல்லை, சூரை மீன். நீ கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு "பொண்ணு ஏன்டா இப்படிப் பெருத்துட்டா" என்று கேட்டதைப் பாவ்ஜூ இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். இப்போது நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

பின்யூவுக்கு இது ஒன்பதாம் வகுப்பு. மே மாதம் நாடு முழுக்க நடக்கும் பெரிய தேர்வு. ஆங்கிலத்தில் காதால் கேட்டு விடை எழுதுவது ஒரு பகுதி, கண்ணால் படித்து விடை எழுதுவது இன்னொரு பகுதி. மார்ச் மாதக் கடைசியில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் ஃபாங். முப்பது வயதுகூட இருக்காது, பேராசிரியை. பிள்ளைகளைச் சோதிக்கும் தாளையே சோதிக்க வந்திருப்பதாகச் சொன்னாள். மாதிரித் தேர்வுத் தாளை வகுப்புப் பிள்ளைகள் எழுதுவார்கள்; அதே தாளை ஆங்கிலமே தெரியாத பெரியவர்களும் எழுத வேண்டும்; பெரியவர்கள் குருட்டாம்போக்கில் குறி வைத்து இருபத்தைந்து, முப்பது வாங்கினால் தாள் நல்ல தாள்; அதற்கு மேல் போனால் தாளில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். இதைப் பெற்றோர் கூட்டத்தில் விளக்கிவிட்டு, "இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவங்க யாராவது கை தூக்குறீங்களா?" என்றாள். யாரும் தூக்கவில்லை. யார் தூக்குவார்கள், சொல்? அப்போது என் கை மட்டும் மேலே போனது. பாவ்ஜூ என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "இவருக்குத் தெரியாது மேடம். இருபது வருஷமா கூட இருக்கேன், இவருக்கு என்னென்ன தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். அதைப் பார்த்துத் தைரியம் வந்து இன்னும் பதினொரு பேர் தூக்கினார்கள்.

அடுத்த சனிக்கிழமை ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மீன் ஏலத்திலிருந்து நேராகப் போய் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண் பேசினாள், ஒரு ஆண் பதில் சொன்னான். அக்கா, எனக்கு ஏலத்தில் முப்பது வருஷம். நாற்பது வியாபாரிகள் என்னைச் சுற்றி ஒரே நேரத்தில் கத்துவார்கள். வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். நான் குரலைத்தான் கேட்பேன். ஏறுகிறதா, இறங்குகிறதா, எவன் நிஜமாக வாங்கப் போகிறான், எவன் சும்மா வாயைக் கொடுக்கிறான், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அந்தப் பெண்ணின் குரல் ஏறியது. ஆண் "ஓ" என்று இழுத்தான். சரி, இவன் எதையோ மறந்துவிட்டு வந்து நிற்கிறான். தாளில் மூன்று படம்: பூனை, கேக், குடை. ஆம்பிளை மறப்பது குடையைத்தான். குடையில் குறி வைத்தேன். அடுத்த பேச்சிலும் ஒரு பெண் கேட்டாள், ஒரு ஆண் இழுத்தான். அந்த ஒலிப்பதிவு ஊரில் ஆண்கள் யாரும் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை என்று தெரிந்துகொண்டேன், அதற்கப்புறம் வேலை சுலபமாகிவிட்டது.

படிக்கும் பகுதி இன்னும் சுலபம். படகுகளின் பதிவு எண்ணில் வரும் இரண்டு எழுத்தைத் தவிர எனக்கு அந்த எழுத்து எதுவும் தெரியாது. ஆனால் உருவம் தெரியும். கேள்வியில் ஒரு சொல் எப்படி இருக்கிறதோ அதே உருவம் மேலே பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடினேன், அதற்குப் பக்கத்தில் இருந்ததை விடையில் தேடினேன். அப்படியும் கிடைக்காவிட்டால் நாலு விடையில் நீளமானதைப் பிடித்தேன். ஏனென்றால் கேள்வி எழுதுகிறவனுக்குப் பயம். சரியான விடையை யாரும் வந்து வம்புக்கு இழுக்கக்கூடாதென்று அதற்கு மட்டும் நாலு வார்த்தை கூடப் போட்டு வேலி கட்டுவான். மீனில் இது நேர்மாறு, அதிகம் பேசுகிறவனின் மீன் கெட்டுப்போயிருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் மீன் இல்லையே.

நூற்றுக்கு எண்பத்தாறு. வகுப்பின் சராசரி அறுபத்தொன்று. ஃபாங் மேடம் என் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சார், உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?" என்று கேட்டாள்.

"நிஜமாவே தெரியாதுங்க."

"நீங்க எவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்கீங்க தெரியுமா? இந்தத் தாள் உதவாதுன்னு அர்த்தம் சார்!"

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் குறுக்கிட்டார். "அப்படி இல்லைங்க மேடம். எங்க பெற்றோர் பிரமாதம்னு அர்த்தம்."

அந்தம்மா எவ்வளவோ விளக்கினாள். தலைமையாசிரியர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், கேட்டு முடித்ததும் பள்ளி வாசலில் சிவப்புத் துணியில் என் பெயரையும் எண்பத்தாறையும் எழுதிக் கட்டச் சொன்னார். மறுநாள் நிருபர் வந்தார். அதற்கு மறுநாள் கடைத்தெரு டியூஷன் சென்டரில் என் படத்தை மாட்டினார்கள், அந்தச் சூரையோடேயே.

என் பெண் வாங்கியது நாற்பத்தேழு. அவளுடைய ஆங்கில டீச்சர் தெங் என்னை உட்கார வைத்துத் தாளைக் காட்டினார். ஒரு பையன் குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்கிறான். அவன் எப்படி உணர்கிறான்? மகிழ்ச்சி, கவலை, பசி. பின்யூ பசியில் குறி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால், "ஸ்கூல் விட்டு நாலரைக்கு வர்றான் டீச்சர். குரல்ல கவலையே இல்ல, சோர்வுதான் இருந்துச்சு. குடையை மறந்ததே பசியிலதான்" என்றாளாம். இன்னொன்று, மீன் சந்தை பற்றிய பத்தி. மதியம் இரண்டு மணிக்கு ஒரு குடும்பம் சந்தைக்குப் போய் அன்று காலை வந்த புது மீன் வாங்குகிறது. அதற்குக் கீழே ஐந்து கேள்வி. பின்யூ ஒன்றுக்கும் விடை எழுதாமல் ஓரத்தில் "பொய்" என்று எழுதி வைத்திருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு நம் சந்தையில் ஐஸ் தண்ணீரும் பூனையும்தான் இருக்கும். அது தெரிந்தவள் எப்படி எழுதுவாள்?

அவளுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை அக்கா. பாவ்ஜூவின் தம்பி ஜின்ஷானின் விசைப்படகில் ரோடெல் என்று ஒரு பிலிப்பைன்ஸ்காரர் நாலு வருஷமாக வேலை செய்கிறார். படகு கரையில் இருக்கும் நாளெல்லாம் இவள் பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே போய்த் தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டே அவரோடு பேசுவாள். இரண்டு பேரும் என்ன பேசுகிறார்களோ, அப்படிச் சிரிப்பார்கள். அதையெல்லாம் நான் ஆங்கிலம் என்று நினைக்கவே இல்லை. தாளில் இருப்பதுதான் ஆங்கிலம் என்று நினைத்தேன்.

துணி கட்டிய அன்று பின்யூ வீட்டுக்கு வந்து புத்தகப் பையை வைத்தாள். "எங்க கிளாஸ்ல எல்லாரும் என்னை நாப்பத்தேழுன்னு கூப்பிடறாங்க. அப்பா பேரு எம்பத்தாறாம், பொண்ணு பேரு நாப்பத்தேழாம்" என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆறுதலாக ஒரு வார்த்தை. நான் சொன்னது, "உனக்கு வேணும்னா என் முறையைச் சொல்லித் தரட்டுமா?"

"சரிப்பா. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் இவ்வளவு நல்லா வருதே. இன்னியிலேர்ந்து உங்ககிட்ட இங்கிலீஷ்லயே பேசறேன்" என்றாள். சொன்னதைச் செய்தாள் அக்கா. உன் மருமகள் பிடிவாதத்தில் உன்னைக் கொண்டவள்.

அதிலிருந்து என் வீட்டில் எனக்குத் தினம் தேர்வு. பாவ்ஜூவிடம் நம் பேச்சில் பேசுவாள், என் பக்கம் திரும்பினால் ஆங்கிலம். முதல் நாள் ஏதோ சொன்னாள், கடைசியில் குரல் ஏறியது, ஆகவே கேள்வி. என் முறைப்படி, கேள்விக்குத் தலையாட்டினால் எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். ஆட்டினேன். மறுநாள் சடையை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நீதானே சரின்னு தலையாட்டின" என்கிறாள் பாவ்ஜூ. இரண்டாவது கேள்விக்குத் தலையாட்டியதில் என்னுடைய புது மழைக்கோட்டு ரோடெலின் முதுகில் ஏறிப் படகோடு கடலுக்குப் போனது. மூன்றாவதில் உஷாராகி, இந்த முறை இல்லை என்று தலையை அசைத்தேன். "இந்தப் பூனையைத் திருப்பி விட்டுடட்டுமா" என்று கேட்டிருக்கிறாள். இப்போது எங்கள் வீட்டில் ஒற்றைக் கண் பூனை ஒன்று இருக்கிறது. என் நாற்காலியில் படுத்துக்கொண்டு அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்க்கிறது.

"இவ என்ன கேக்கறான்னு நீயாவது சொல்லேன்டி" என்று பாவ்ஜூவிடம் கெஞ்சினேன்.

"புரியலன்னு அவகிட்டச் சொல்லு. சொல்ல மாட்ட. எம்பத்தாறு வாங்கின வாயாச்சே."

அவள் சொன்னது சரி. என்னால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அதற்குள் நான் ஊரில் பெரிய ஆளாகிவிட்டிருந்தேன். ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே தாய்மார்கள் வந்து "தியென்லு அண்ணே, பதினாலாவது கேள்விக்கு எது?" என்று கத்துவார்கள். நானும் ஒரு கையால் சூரையைக் காட்டிக்கொண்டே இன்னொரு கையால் மூன்று விரலைக் காட்டுவேன். ஒரு தடவை அந்த மூன்று விரலை ஏலமாக நினைத்து ஒரு வியாபாரி மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், அது தனிச் சண்டை. பள்ளிக்கூட மண்டபத்தில் இருநூறு பெற்றோர் முன்னால் பேசினேன். "காதுல விழற வார்த்தையை நம்பாதீங்க, அது உங்களைக் குழப்பத்தான் இருக்கு" என்றேன். கை தட்டினார்கள். கடைசி வரிசையில் தெங் டீச்சர் மட்டும் தட்டவில்லை. வெளியே வரும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பத்தொன்பது வருஷமா நான் பிள்ளைங்களைக் காதைத் திறந்து வெச்சுக்கச் சொல்றேன். நீங்க ஒரே சாயந்தரத்துல மூடச் சொல்லிட்டீங்க." அதற்கும் நான் சிரித்தேன் அக்கா. அதை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

மே மாதம் ஏழாம் தேதி. காலை ஒன்பது மணி, ஏலம் முடியும் நேரம். மீனவர் சங்கத்துச் செயலாளர் ஓடி வந்தார். ஜின்ஷானின் படகிலிருந்து ஒயர்லெஸ்ஸில் ஆங்கிலத்தில் பேசுகிறார்களாம். வழக்கமாக ஜின்ஷான்தான் பேசுவான், நம் பேச்சில், நாலு கெட்ட வார்த்தையோடு. ஒயர்லெஸ் அறையில் இருந்தவருக்கு ஆங்கிலம் வராது. "நம்ம தியென்லு எதுக்கு இருக்காரு!" என்று என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

தெரியாது என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. வாசலில் பத்துப் பேர் நின்று என் வாயையே பார்த்தார்கள். நான் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி, பெரிய வித்துவான் மாதிரி, கேட்டேன். ரோடெலின் குரல். நிதானமாக, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "ஓகே" என்ற சொல் மூன்று முறை காதில் விழுந்தது. அது எனக்கும் தெரிந்த சொல். தவிர, தேர்வில் கெட்ட செய்தி ஒருநாளும் விடையாக வந்ததில்லை. "ஒண்ணுமில்ல. நல்ல மீன் பட்டிருக்கு. நாளைக்கு வர்றாங்க" என்றேன். செயலாளர் என் தோளில் தட்டினார். படகுக்கு ஐஸ் ஒதுக்கி வைக்க ஆள் அனுப்பினார். நான் தேநீர் குடிக்கப் போனேன்.

தேநீர் குடித்தேன் அக்கா. அதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சாப்பாடு கொண்டு வந்த பாவ்ஜூவிடம் நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவள் தூக்கை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என் தம்பி ஏன் பேசல?"

"ரோடெல்தான் பேசினானே."

"அதைத்தான் கேக்கறேன். நல்ல மீன் பட்டா அவன் எவனையாவது பேச விடுவானா? ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவானே. அவன் ஏன் பேசல?"

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். பாவ்ஜூ ஒரு வார்த்தை ஆங்கிலம் கேட்கவில்லை, அந்த அறைக்குள்ளேயே வரவில்லை, யார் குரல் வரவில்லை என்பதை மட்டும் கேட்டாள். அவளே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். அங்கே அப்போது கேட்டல் தேர்வுக்கான கடைசி ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நடுவில் யாரையும் வெளியே விடக்கூடாது என்றார்களாம். தெங் டீச்சர் உள்ளே போய்ப் பின்யூவின் காதில் ஏதோ சொல்லி, கையைப் பிடித்து எழுப்பி, தன் ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கொண்டு வந்துவிட்டார். ரோடெல் முதலில் கூப்பிட்டு அதற்குள் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது.

பின்யூ கருவியை எடுத்தாள். கரகரவென்று இரைச்சல், காற்று, நடுநடுவே எஞ்சின். எனக்குப் பாதிக்கு மேல் இரைச்சல்தான் கேட்டது. அவள் ஏதோ கேட்டாள், பதில் வந்தது, மறுபடி கேட்டாள். "புரியலை, திரும்பச் சொல்லுங்க" என்று அவள் நாலைந்து முறை கேட்டதாகத் தெங் டீச்சர் அப்புறம் சொன்னார். அவள் கை பென்சிலால் எண்களை எழுதிக்கொண்டே இருந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். ஐந்து வாரத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என்னிடம் நம் பேச்சில் பேசினாள்.

"மாமாவுக்கு நெஞ்சு வலிப்பா. இடது கை மரத்துப் போச்சாம், வேர்த்து ஊத்துதாம், பேச முடியல. ரோடெல் அண்ணன் அப்பலேர்ந்து ஓகே இல்ல, ஓகே இல்லன்னுதான் சொல்லிட்டு இருக்காரு. இது அவங்க இருக்கற இடம். ஹெலிகாப்டருக்குச் சொல்லுங்க, சீக்கிரம்!"

செயலாளர் கடலோரக் காவல் படைக்குப் போன் போட்டார். அவர்கள் கேட்டதையெல்லாம் பின்யூ ரோடெலிடம் கேட்டுச் சொன்னாள். படகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், மேல்தளத்தில் எதையெல்லாம் அகற்ற வேண்டும், ஜின்ஷானை எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல இவள் ரோடெலுக்குச் சொன்னாள். ஒரு மணி நேரம் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. பாவ்ஜூ அவள் பின்னால் நின்று அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் நின்றேன். கடைசியில் ரோடெல் ஏதோ கத்தினார். குரல் ஏறி உடைந்தது. போச்சு என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்யூ, "மேலே தூக்கிட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

ஜின்ஷான் பிழைத்துக்கொண்டான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். எவ்வளவு கொஞ்சம் என்று நான் கேட்கவில்லை. அந்த இருபத்தைந்து நிமிடம் என்னுடையது என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயந்தரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பின்யூவிடம் கேட்டேன். "அவன் அவ்வளவு நிதானமாப் பேசினானேம்மா. எனக்கு எப்படித் தெரியும்?"

"ரோடெல் அண்ணன் என்னிக்குப்பா மெதுவாப் பேசியிருக்காரு? படபடன்னுதான் பேசுவாரு. பயந்தா மட்டும்தான் மெதுவாப் பேசுவாரு."

இது எந்தத் தாளில் இருக்கிறது, அக்கா?

பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் கேள். வாசலில் இருந்த என் துணியை இறக்கிவிட்டு, "கேட்கும் திறனால் உயிர் காத்த மாணவி, பெருமை கொள்ளும் பள்ளி" என்று இன்னும் நீளமான துணி கட்டினார்கள். அதே வாரம் மதிப்பெண் அட்டை வந்தது. கேட்டல் ஒத்திகையில் பின்யூவுக்குப் பூஜ்யம். நான் போய்க் கேட்டதற்குத் தலைமையாசிரியர் மிகுந்த வருத்தத்துடன் சொன்னார். "என்ன செய்யறது சார், தேர்வு நடுவுல எழுந்து போனா பூஜ்யம்தான். விதி. உங்க பொண்ணு அன்னிக்குக் கேட்டது எல்லாம் பாடத்திட்டத்துல வராதே." நாங்கள் இரண்டு பேரும் அந்தத் துணிக்குக் கீழேதான் நின்று இதைப் பேசினோம்.

டியூஷன் சென்டரில் இருந்த என் படத்தை நானே போய்க் கழற்றினேன். சூரையை மட்டுமாவது விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். தெங் டீச்சர் வீட்டுக்குப் போய்த் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே போய்ச் சின்னப் பிள்ளைகள் படிக்கும் முதல் புத்தகத்தைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். இப்போது ஏலம் முடிந்ததும் அதைத்தான் படிக்கிறேன். ஒரு ஆப்பிள், இரண்டு ஆப்பிள் வரை வந்திருக்கிறேன்.

பெரிய தேர்வும் முடிந்துவிட்டது. எப்படி எழுதினாய் என்று நான் அவளைக் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் பூனையை நாற்காலியிலிருந்து இறக்கப் போராடிக்கொண்டிருந்தேன். பின்யூ வாசல்படியில் நின்று ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். குரல் கடைசியில் ஏறியது. என் தலை பழக்கத்தில் ஆடப் பார்த்தது, பிடித்து நிறுத்தினேன்.

"புரியலைம்மா. திரும்பச் சொல்லு" என்றேன்.

சொன்னாள். அப்போதும் புரியவில்லை. மூன்றாவது தடவை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, சாப்பிடுகிற மாதிரி கையை வாய்க்குக் கொண்டு போய்க் காட்டினாள். சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். போய் மூன்று பேரும் மீன் கஞ்சி குடித்தோம். முப்பது வருஷமாக நான் ஏலத்தில் எத்தனையோ பெரிய மீனைப் பார்த்துவிட்டேன் அக்கா, அந்தக் கஞ்சியைப் போல எதுவும் ருசிக்கவில்லை.

ஆகையால் உன் பேத்திக்கு என் முறையை எழுதி அனுப்பச் சொல்லி நீ நேற்று கேட்டதற்கு என் பதில் இதுதான்: மாட்டேன். அது முறையே இல்லை. மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். குழந்தை காதைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவர் என்ன சொல்கிறார், ஏன் சொல்கிறார் என்று கேட்கப் பழகட்டும். கேட்கத் தெரிந்தவர்களைத் தேர்வும் ஒருநாள் கண்டுகொள்ளும். இந்தப் பத்தியை உன் பிள்ளைக்கும் மருமகளுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் முழங்காலுக்கு ஆகும் என்று இங்கே எல்லோரும் சொல்கிற மீன் எண்ணெய் ஒரு புட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன், தடவுவதற்கு, குடிப்பதற்கு இல்லை. உன் வீட்டில் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், நல்ல பசியும், குறையாத குரலும் கடலம்மன் கொடுக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
ஹுங் தியென்லு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தேர்வு முடிவு வந்துவிட்டது. பின்யூவுக்குக் கேட்டலில் இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று. படித்தலிலும் இரண்டே இரண்டுதான் தப்பு. எனக்கு ஒரு கணம் தரையில் கால் நிற்கவில்லை. கேட்கத் தெரிந்தவளைத் தேர்வு கண்டுகொண்டது, நான் எழுதியது பலித்துவிட்டது என்று அவளைக் கட்டிக்கொண்டேன். "ரோடெல்கிட்டப் பேசிப் பேசித்தானேம்மா இப்படிக் காது வந்தது?" என்றேன். இல்லை என்றாள். முதல் பேச்சில் ஒரு பெண் தனியாக ரயிலுக்குச் சீட்டு வாங்கினாளாம். இந்த நேரத்தில் தனியாக எங்கே போகிறாள், வீட்டில் என்ன சண்டையோ என்று இவள் யோசிப்பதற்குள் இரண்டாவது பேச்சும் பாதி முடிந்துவிட்டதாம். அதற்கப்புறம் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு, என் முறைப்படி படத்தையும் நீளத்தையும் பார்த்தே எல்லாவற்றுக்கும் குறி வைத்தாளாம்.

"ஏம்மா, கொஞ்சமாவது கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டிருந்தா தப்பாயிருக்கும்ப்பா."

அக்கா, அந்தப் பத்தியை வாசித்துக் காட்ட வேண்டாம்.